ஐந்தாவது கியர் எதற்கு? ஒரு நகல் காரின் கணக்கு



"சார், நாலு கியர் காரைவிட அஞ்சு கியர் கார்தானே வேகமாப் போகும்?"

வகுப்பில் விசையின் திருப்புத்திறன் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் யாராவது ஒரு மாணவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். கேள்வி எளிமையானது. ஆனால் "ஆம்" என்றோ "இல்லை" என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. இந்த வாரம் ஓர் உண்மையான காரை எடுத்துக்கொண்டு, பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே தெரிந்தாலும் போதும் என்ற அளவில் இதற்கு விடை காண்போம். பக்கத்தில் ஒரு கால்குலேட்டரை வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பாடத்துக்கு வந்த கார்

1962-இல் அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் கேரல் ஷெல்பி, இங்கிலாந்தின் ஏசி நிறுவனம் செய்த எடை குறைந்த காரில் ஃபோர்ட் நிறுவனத்தின் வி-8 எஞ்சினைப் பொருத்தினார். அப்படிப் பிறந்ததுதான் 'கோப்ரா'. பிறகு அதில் 4.7 லிட்டர் எஞ்சினும், 1965-இல் 7 லிட்டர் எஞ்சினும் வந்தன. மொத்தம் ஏறத்தாழ ஆயிரம் கார்கள்தான் செய்யப்பட்டன. இன்று ஓர் அசல் கோப்ராவின் விலை சாதாரண மனிதர்களுக்கு எட்டாது.

அதனால் அமெரிக்காவில் பலர் இதன் நகலைத் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே செய்கிறார்கள். இரும்புச் சட்டத்தையும் கண்ணாடியிழை உடலையும் தொகுப்பாக வாங்குவார்கள். எஞ்சின், கியர்பெட்டி, பின்னச்சு போன்றவற்றைப் பழைய ஃபோர்ட் மஸ்டாங் காரிலிருந்து கழற்றி எடுப்பார்கள்.

அசல் கோப்ராவில் இருந்தவை நான்கு கியர்கள். நகல் செய்பவர்கள் பெரும்பாலும் ஐந்து கியர் பெட்டியைத் தேடுகிறார்கள். எந்தப் பெட்டி? தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஆயிரக்கணக்கான டாலர் வீண். ஓடும்போது பற்கள் உடைந்தால் ஆபத்தும்கூட. சரியாகத் தேர்ந்தெடுக்க உதவுவது நம் அறிவியல் பாடம்தான்.

கியர்பெட்டி சக்தியைத் தயாரிப்பதில்லை

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். கியர்பெட்டி எஞ்சினுக்குக் கூடுதல் சக்தி எதையும் தருவதில்லை. அது ஒரு பண்டமாற்றுக் கடை. சுழல் வேகத்தைக் கொடுத்தால் முறுக்குவிசையைத் தரும். முறுக்குவிசையைக் கொடுத்தால் வேகத்தைத் தரும். இரண்டையும் ஒருசேரக் கூட்டித் தராது.

முதல் கியரின் விகிதம் 3.35 என்றால் என்ன பொருள்? எஞ்சின் 3.35 சுற்று சுற்றும்போது, கியர்பெட்டியிலிருந்து வெளியே வரும் தண்டு ஒரே ஒரு சுற்று சுற்றும். வேகம் அந்த அளவு குறைகிறது, முறுக்குவிசை 3.35 மடங்காகிறது. கேமரன் மலை ஏறும்போது அப்பா இரண்டாம் கியருக்கு இறங்குகிறாரே, இதே காரணம்தான்.

அதன் பிறகு பின்னச்சில் இன்னொரு பற்சக்கர இணை இருக்கிறது. அதன் விகிதம் 3.55 என்றால், முறுக்குவிசை மறுபடியும் 3.55 மடங்காகும். ஆகவே முதல் கியரில் மொத்தப் பெருக்கம் 3.35 × 3.55 = 11.89.

இந்தப் பெருக்கலை நினைவில் வையுங்கள். கியர்பெட்டியின் எண்ணை மட்டும் தனியாகப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு.

ஐந்தாவது கியர் செய்யும் வேலை

நான்காம் கியரின் விகிதம் 1.00. எஞ்சின் ஒரு சுற்று, வெளித்தண்டு ஒரு சுற்று. நாம் பேசும் ஐந்தாம் கியரின் விகிதமோ ஒன்றுக்கும் குறைவு, 0.68. எஞ்சின் 0.68 சுற்று சுற்றினாலே வெளித்தண்டு ஒரு முழுச் சுற்றை முடித்துவிடும். இதைத்தான் 'ஓவர்டிரைவ்' என்கிறார்கள்.

இப்போது காரை மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓட்டிப் பார்ப்போம். நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் வேக வரம்பு அது. சக்கரத்தின் விட்டம் 66 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு ஏறத்தாழ 2.07 மீட்டர். 110 கிலோமீட்டர் வேகத்தில் கார் நிமிடத்துக்கு 1,833 மீட்டர் ஓடும். 1,833 ÷ 2.07 = 885. சக்கரம் நிமிடத்துக்கு 885 முறை சுற்றுகிறது. பின்னச்சு விகிதம் 3.55 என்பதால்:

நான்காம் கியரில் எஞ்சின்: 885 × 3.55 × 1.00 = 3,142 சுற்று.
ஐந்தாம் கியரில் எஞ்சின்: 885 × 3.55 × 0.68 = 2,136 சுற்று.

அதே வேகம், நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று குறைவு. இரைச்சல் குறையும், எரிபொருள் மிச்சமாகும், எஞ்சின் தேய்மானமும் குறையும். கூரையில்லாத காரில் நீண்ட பயணம் போகிறவருக்கு இது பெரிய நிம்மதி.

ஆக, இந்தக் காரில் ஐந்தாம் கியர் பந்தயத்தில் முந்துவதற்காக இல்லை. நெடுஞ்சாலையில் நிதானமாகப் போவதற்காக இருக்கிறது. மாணவரின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

எடை குறைந்த காருக்குப் பெரிய எண் தேவையா?

மஸ்டாங் காரின் எடை சுமார் 1,400 கிலோ. நகல் கோப்ராவின் எடை சுமார் 1,050 கிலோ. எஞ்சின் அதே 5.0 லிட்டர் வி-8. அதன் உச்ச முறுக்குவிசை சுமார் 407 நியூட்டன் மீட்டர்.

மஸ்டாங்கில் பொருத்தப்பட்ட ஐந்து கியர் பெட்டியின் பெயர் டி-5. 1990 முதல் 1993 வரை வந்த பெட்டியின் விகிதங்கள் 3.35, 1.99, 1.33, 1.00, 0.68. கனமான காரை நகர்த்த 3.35 பொருத்தமானது. எடை குறைந்த காருக்கு?

சக்கரம் எவ்வளவு முறுக்குவிசையைச் சாலைக்குக் கடத்த முடியும் என்பதை உராய்வுதான் முடிவு செய்கிறது. வேகமாகப் புறப்படும்போது காரின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு பின்சக்கரங்கள் மீது இருக்கிறது என்று கொள்வோம். அது 630 கிலோ. உராய்வுக் கெழு 1 என்று எடுத்தால், பிடிமான விசை 630 × 9.8, அதாவது சுமார் 6,200 நியூட்டன். சக்கரத்தின் ஆரம் 0.33 மீட்டர். எனவே சக்கரங்கள் தாங்கும் முறுக்குவிசை 6,200 × 0.33, ஏறத்தாழ 2,050 நியூட்டன் மீட்டர். அதைத் தாண்டினால் சக்கரம் வழுக்கிச் சுழலும்.

எஞ்சின் முழு மூச்சில் தருவது எவ்வளவு? இடையில் ஏற்படும் இழப்புகளை விட்டுவிட்டுக் கணக்கிடுவோம்.

முதல் கியர்: 407 × 3.35 × 3.55 = 4,840
இரண்டாம் கியர்: 407 × 1.99 × 3.55 = 2,875
மூன்றாம் கியர்: 407 × 1.33 × 3.55 = 1,922

பார்த்தீர்களா? முதல் கியரில் சக்கரம் தாங்குவதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது. அந்தக் கூடுதல் முழுவதும் டயரைத் தேய்த்துப் புகையாகத்தான் போகும். எடை குறைந்த காரில் முதல் கியருக்குப் பெரிய எண் வீண்.

அதனால்தான் 2.95, 1.94, 1.34, 1.00, 0.63 என்ற விகிதங்கள் கொண்ட 'டி-5 இசட்' வகையைப் பலர் விரும்புகிறார்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. 5,500 சுற்றில் முதல் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாற்றினால், பழைய பெட்டியில் எஞ்சின் 3,270 சுற்றுக்கு விழும். டி-5 இசட்டில் 3,620-க்குத்தான் இறங்கும். எஞ்சின் சோர்ந்து போகாமல் தொடர்ந்து இழுக்கும்.

மூன்றாம் கியரின் சோதனை

மேலே உள்ள கணக்கில் மூன்றாம் கியரை மறுபடியும் பாருங்கள். 1,922 என்பது பிடிமான எல்லையான 2,050-க்குச் சற்றுக் கீழே. முதல் இரண்டு கியர்களில் சக்கரம் வழுக்கிவிடுவதால் பற்களின் மீது முழுப் பளுவும் விழுவதில்லை. டயர் ஒரு மின் உருகிபோல் வேலை செய்து கியர்பெட்டியைக் காக்கிறது. மூன்றாம் கியரில் சக்கரம் வழுக்காது. எஞ்சினின் முழுப் பளுவையும் பற்களே தாங்கியாக வேண்டும்.

அதோடு, மூன்றாம் கியர் தண்டின் நடுப்பகுதியை ஒட்டி அமைந்திருக்கிறது. இரு முனைகளிலும் தாங்கிகள் உள்ள ஒரு தண்டு, நடுவில்தான் அதிகம் வளையும். வளைந்தால் பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, நுனியில் மட்டும் பளுவைத் தாங்கும். டி-5 பெட்டியில் மூன்றாம் கியர் உடைவதை மெக்கானிக்குகள் அடிக்கடி பார்ப்பதற்கு இவையும் காரணங்கள்.

அகலமான, ஒட்டும் தன்மை மிகுந்த பந்தய டயர்களைப் போட்டால் என்ன ஆகும்? பிடிமானம் கூடும். உருகியை எடுத்துவிட்டுக் கம்பியைச் சொருகியதற்குச் சமம். அடுத்துப் பளு போய்ச் சேரும் இடம் கியர்பெட்டிதான்.

இங்கேதான் தாங்கும் அளவைப் பார்க்க வேண்டும். 1990களின் மஸ்டாங் டி-5 தாங்கும் என்று குறிக்கப்பட்ட அளவு சுமார் 407 நியூட்டன் மீட்டர். டி-5 இசட்டுக்குச் சுமார் 447. மாற்றம் செய்யாத 5.0 எஞ்சினுக்கு இவை போதும். ஆனால் 7 லிட்டர் எஞ்சின் தருவது சுமார் 650. அதை டி-5-உடன் இணைப்பது மாட்டு வண்டி அச்சில் லாரிப் பாரத்தை ஏற்றுவது போல. அத்தகைய எஞ்சினுக்கு ட்ரெமெக் நிறுவனத்தின் டிகேஓ 600, அதன் இடத்தில் பின்னர் வந்த டிகேஎக்ஸ் போன்ற வலுவான பெட்டிகள் இருக்கின்றன. அவை சுமார் 813 நியூட்டன் மீட்டர் தாங்கும். அதற்கேற்ப அவற்றின் எடையும் கூடுதல்.

செலவில்லாத ஒரு தீர்வு

கையில் பழைய 3.35 பெட்டிதான் இருக்கிறது; புதிதாக வாங்கப் பணமில்லை. என்ன செய்யலாம்? பெருக்கலுக்குத் திரும்புவோம்.

டி-5 இசட், 3.55 பின்னச்சு: 2.95 × 3.55 = 10.47
பழைய டி-5, 3.08 பின்னச்சு: 3.35 × 3.08 = 10.32

கிட்டத்தட்ட ஒரே விடை! அந்தக் கால மஸ்டாங்குகள் சிலவற்றில் 3.08 பின்னச்சு ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தது. கழற்றி எடுத்த காரிலேயே அது இருந்தால், முதல் கியர் பிரச்சினை காசு செலவில்லாமல் தீர்ந்துவிடும். ஆனால் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் உள்ள இடைவெளி மாறாது. பின்னச்சு எல்லாக் கியர்களையும் ஒரே எண்ணால் பெருக்குவதுதான் காரணம்.

இரண்டையும் சேர்த்துச் செய்துவிடலாமா? 0.63 ஐந்தாம் கியரும் 3.08 பின்னச்சும் சேர்ந்தால், மணிக்கு 60 கிலோமீட்டரில் எஞ்சின் 940 சுற்றுக்கும் கீழே போய்விடும். எஞ்சின் திணறும், கார் குலுங்கும். நெடுஞ்சாலையைத் தவிர வேறெங்கும் ஐந்தாம் கியரைத் தொடவே முடியாது.

பொருத்தும் முன் மேலும் மூன்று

ஒன்று, கிளட்ச் தட்டு. கியர்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டில் நீளவாக்கில் வரிப்பற்கள் உண்டு. டி-5-இல் 10, டிகேஓ 600-இல் 26. தட்டு அதற்குப் பொருந்த வேண்டும்.

இரண்டு, பின்னச்சுக்குப் போகும் தண்டு. நகல் கோப்ராவில் இது மிகக் குட்டை. தண்டு குட்டையாக இருந்தால், கியர்பெட்டி சற்று ஏறி இறங்கினாலும் கோணம் பெரிதாக மாறும், அதிர்வு வரும்.

மூன்று, வேகமானி. அதன் கம்பி கியர்பெட்டியின் வெளித்தண்டிலிருந்து சுழல்கிறது. பின்னச்சை 3.55-இலிருந்து 3.08-க்கு மாற்றிவிட்டு வேகமானியின் சிறு பற்சக்கரத்தை மாற்ற மறந்தால், கார் 110-இல் ஓடும்போது முள் 95 என்று காட்டும். ஓட்டுநர் தாம் மெதுவாகப் போவதாக நம்பிக்கொண்டிருப்பார். அந்த நம்பிக்கை உயிருக்கே உலை வைக்கலாம்.

செய்து பாருங்கள்

உங்கள் மிதிவண்டியின் முன் பற்சக்கரத்திலும் பின் பற்சக்கரத்திலும் உள்ள பற்களை எண்ணுங்கள். முன்னால் 44, பின்னால் 22 என்றால், மிதிகட்டை ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரம் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். பின்சக்கரத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சோதித்துப் பாருங்கள். பல கியர் மிதிவண்டி என்றால் எல்லாக் கியர்களுக்கும் ஓர் அட்டவணை போடுங்கள்.

பயிற்சிக் கேள்வி: பழைய டி-5 பெட்டியும் 3.08 பின்னச்சும் உள்ள நகல் கோப்ரா, ஐந்தாம் கியரில் மணிக்கு 110 கிலோமீட்டரில் போகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று? (விடை: 885 × 3.08 × 0.68 = 1,854)

மாணவரின் கேள்விக்கு மீதி விடை இதோ. கியர்களின் எண்ணிக்கை மட்டும் காரை வேகமாக்குவதில்லை. எஞ்சின், கியர்பெட்டி, பின்னச்சு, டயர், எடை ஆகிய ஐந்தும் ஒரே பெருக்கல் கணக்கின் உறுப்புகள். ஒன்றை மாற்றினால் விடையே மாறும். ஆகவே கியர்பெட்டி எந்தக் காரிலிருந்து வந்தது என்று பார்த்து வாங்காதீர்கள். எந்தக் காருக்குள் போகப்போகிறது என்று கணக்கிட்டு வாங்குங்கள்.