டெஸ்க்டாப்ல முதல் அஞ்சு ஐகான்: உங்க சம்பளத்தைக் காப்பாத்துற ஒரு மணி நேர வேலை



இந்த வாரம் எஸ்ஐபி இல்ல, டேக்ஸ் ஸ்லாப் இல்ல. லேப்டாப்பைத் திறந்ததும் உங்க கண்ணுல படுற ஐகான்களைப் பத்தித்தான் பேசப் போறோம். “அதுக்கும் என் சம்பளத்துக்கும் என்னங்க சம்பந்தம்?”னு கேப்பீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பிக்கு நடந்ததைச் சொல்றேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க.

ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ பக்கத்துல ஒரு பிஜியில இருக்கான். கிண்டி எஸ்டேட்ல வேலை. ஒருநாள் ராத்திரி பத்து மணி. கிரெடிட் கார்டு பில் கட்ட அன்னைக்குத்தான் கடைசி நாள். ஆபீஸ் முடிச்சு வந்த களைப்பு வேற. லேப்டாப்பைத் திறந்து பேங்க் பேரை டைப் பண்ணித் தேடினான். முதல்ல வந்த லிங்க்கைக் கிளிக் பண்ணிட்டான். அது ஒரு விளம்பரம். பக்கம் அச்சு அசலா பேங்க் பக்கம் மாதிரியே இருந்துச்சு. யூசர் ஐடி, பாஸ்வேர்டு, ஓடிபி மூணையும் போட்டான். 38,400 ரூபாய் போச்சு. தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்கு எடுத்து வச்சிருந்த காசு.

அவன் ஏமாளி கிடையாது, தினமும் கோடு எழுதுற ஆளு. அடுத்த ஞாயித்துக்கிழமை அவன் லேப்டாப்பை வாங்கிப் பாத்தேன். டெஸ்க்டாப்ல மொத்தம் 63 ஐகான். ரெண்டு கேம், நாலு ஷாப்பிங், ஒரு டிரேடிங் ஆப், ஆறு “நியூ ஃபோல்டர்”, மீதி எல்லாம் ஸ்கிரீன்ஷாட். பேங்க்குக்கு மட்டும் ஒரு ஐகான்கூட இல்ல.

களைச்சுப்போன நேரத்துல மூளை யோசிக்காது. கைக்கு எட்டுறதைத் தொட்டுடும். அதனால கைக்கு எட்டுற இடத்துல என்ன இருக்கணும்னு நாம தெளிவா இருக்கும்போதே முடிவு பண்ணி வச்சுடணும். இந்தப் பாடம் மொத்தமும் அவ்வளவுதான். வாங்க, ஒவ்வொரு படியா பண்ணுவோம்.

படி 1: முதல்ல குப்பையை அள்ளுங்க

டெஸ்க்டாப்ல ரெண்டு வகை ஐகான் இருக்கும். விண்டோஸ்ல மூலையில சின்ன அம்புக்குறி இருந்தா அது ஷார்ட்கட். அதை டெலீட் பண்ணாலும் ஆப் அப்படியே இருக்கும், வழி மட்டும்தான் போகும். தைரியமா எடுத்துடுங்க. அம்புக்குறி இல்லன்னா அது நிஜமான ஃபைல். டெலீட் பண்ணாதீங்க, நகர்த்துங்க.

டாக்குமென்ட்ஸ் உள்ள “வரி”னு ஒரு ஃபோல்டர் போடுங்க. அதுக்குள்ள “2024-25”, “2025-26”னு நிதியாண்டு வாரியா பிரிச்சு ஃபார்ம் 16, பே ஸ்லிப், வாடகை ரசீது, இன்ஷூரன்ஸ் ரசீது எல்லாத்தையும் போடுங்க. ஃபோல்டருக்குத் தமிழ்லயே பேர் வைக்கலாம், ஒரு பிரச்சினையும் வராது.

இன்னொரு முக்கியமான விஷயம். ஆதார், பான் ஸ்கேன், பாஸ்வேர்டு எழுதி வச்ச நோட்பேட் இதெல்லாம் டெஸ்க்டாப்லயே கிடக்கா? ஆபீஸ் மீட்டிங்ல ஸ்கிரீன் ஷேர் பண்றப்போ டீம் மொத்தமும் பாக்கும். இன்னைக்கே எடுங்க.

படி 2: பணத்துக்குன்னு தனி ப்ரொஃபைல்

ஷார்ட்கட் போடுறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிடணும். குரோம், எட்ஜ் ரெண்டுலயும் மேல உங்க படம் இருக்குற வட்டத்தைத் தொட்டா புது ப்ரொஃபைல் சேர்க்கலாம். “பணம்”னு பேர் வைங்க, நிறத்தைப் பச்சையா மாத்துங்க.

கூப்பன் தேடித் தர்றது, வீடியோ டவுன்லோட் பண்றதுன்னு நாம போட்டு வச்சிருக்குற பல எக்ஸ்டென்ஷனுக்கு, நாம திறக்குற எல்லாப் பக்கத்தையும் படிக்கிற அனுமதி இருக்கு. “பணம்” ப்ரொஃபைல்ல ஒரு எக்ஸ்டென்ஷன்கூடப் போடக்கூடாது. அங்க படம் பாக்கக்கூடாது, ஷாப்பிங் பண்ணக்கூடாது. பச்சை கலர் விண்டோ திறந்தா பண வேலை மட்டும்தான். நாலு வாரத்துல இது பழகிடும்.

படி 3: சரியான முகவரியை ஒரே ஒரு தடவை டைப் பண்ணுங்க

தேடல்ல வர்ற லிங்க்கை வச்சு ஷார்ட்கட் போட்டா, தப்பான வாசலுக்கு நாமளே நிரந்தரமா சாவி செஞ்ச மாதிரி ஆயிடும். அதனால பாஸ்புக்லயோ டெபிட் கார்டு பின்னாடியோ இருக்குற முகவரியைப் பாத்து கையால டைப் பண்ணுங்க.

பேங்க் முகவரி எப்படி முடியுதுன்னு கவனிங்க. எல்லா பேங்க்கும் 2025 அக்டோபர் 31க்குள்ள “டாட் பேங்க் டாட் இன்”னு முடியிற முகவரிக்கு மாறணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருந்துச்சு. இந்த முகவரியைப் பதிஞ்சு குடுக்குற உரிமை ஹைதராபாத்ல இருக்குற ஐடிஆர்பிடி நிறுவனத்துக்கு மட்டும்தான், வாங்குற உரிமை பேங்க்குகளுக்கு மட்டும்தான். திருட்டு ஆசாமி நூறு ரூபாய் குடுத்து வாங்க முடியாது. அதே மாதிரி “டாட் கவ் டாட் இன்” அரசாங்கத்துக்கு மட்டும்.

ஆனா ஒரு எச்சரிக்கை. “பேங்க் டாட் இன்”ங்கறது முகவரியில எங்கயாவது இருந்தா போதாது. முதல் ஒத்தைச் சாய்கோட்டுக்கு முன்னாடி, கடைசியா அதுதான் இருக்கணும். அதுக்குப் பின்னாடி இன்னொரு டாட் காம் ஒட்டியிருந்தா அது போலி. பழைய ஷார்ட்கட், பழைய புக்மார்க் இருந்தாலும் இந்தச் சாக்குல புதுசா போட்டுடுங்க.

படி 4: முதல் அஞ்சு இடம் யாருக்கு?

1. உங்க சம்பளம் வர்ற பேங்க். கிரெடிட் கார்டு பில், ஆர்டி எல்லாம் இங்கதான். பிபிஎஃப் போடுறவங்க மாசம் 5ஆம் தேதிக்குள்ள போட்டாதான் அந்தப் பணத்துக்கு அந்த மாச வட்டி கணக்காகும்.

2. வருமான வரி தளம். 2021 ஜூன் 7ல வந்த இப்போதைய தளத்தோட முகவரி “இன்கம்டேக்ஸ் டாட் கவ் டாட் இன்”. சம்பளக்காரங்களுக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. தவறினா 5,000 ரூபாய் வரைக்கும் லேட் ஃபீஸ். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள்ளன்னா 1,000 ரூபாய். ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள்ள இ-வெரிஃபை பண்ணணும். நிறைய பேர் இதைத்தான் மறக்குறாங்க.

3. பிஎஃப் பாஸ்புக். உங்க சம்பளத்துல பிடிச்ச பணத்தையும் கம்பெனி பங்கையும் அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள கம்பெனி கட்டணும். பே ஸ்லிப்ல பிடிச்சதா இருக்கும், பாஸ்புக்ல இருக்காது. அதைக் கண்டுபிடிக்க வேண்டியது நீங்கதான்.

4. எம்எஃப் சென்ட்ரல். நாலு ஆப்ல நாலு ஃபண்ட் வாங்கி, எவ்வளவு இருக்குன்னே தெரியாம இருக்கீங்களா? நம்ம சென்னையில 1988ல ஆரம்பிச்ச கேம்ஸ் நிறுவனமும் கேஃபின்டெக்கும் சேர்ந்து 2021ல கொண்டுவந்த தளம் இது. எந்த ஆப்ல வாங்கியிருந்தாலும் உங்க பான் நம்பர்ல இருக்குற ஃபண்ட் எல்லாத்தையும் ஒரே இடத்துல பாக்கலாம்.

5. உங்க வரவு செலவு ஷீட். எக்செல், லிப்ரே ஆபீஸ், கூகுள் ஷீட் எதுவா இருந்தாலும் சரி. பக்கத்துலயே இருந்தாதான் எழுதுவோம்.

படி 5: பின் பண்றது எப்படி?

எட்ஜ்ல: “பணம்” ப்ரொஃபைல்ல தளத்தைத் திறங்க. மூணு புள்ளி மெனுவுல “மோர் டூல்ஸ்” உள்ள “பின் டு டாஸ்க்பார்” இருக்கும். முடிஞ்சது.

குரோம்ல: மூணு புள்ளி மெனுவுல “காஸ்ட், சேவ் அண்ட் ஷேர்”ங்கற பகுதிக்குள்ள “கிரியேட் ஷார்ட்கட்” இருக்கும். டெஸ்க்டாப்ல ஐகான் வந்ததும் அதை ரைட் கிளிக் பண்ணி டாஸ்க்பார்ல பின் பண்ணுங்க. “பணம்” ப்ரொஃபைல்ல இருந்து போட்ட ஷார்ட்கட் அதே ப்ரொஃபைல்லதான் திறக்கும். அதனாலதான் ப்ரொஃபைலை முதல்ல போடச் சொன்னேன்.

இப்போ அஞ்சையும் இழுத்து இடது பக்கத்துல இருந்து வரிசையா வைங்க. விண்டோஸ் கீயை அழுத்திட்டு 1 தட்டுங்க, பேங்க் திறக்கும். 2 தட்டினா வருமான வரி, 3 தட்டினா பிஎஃப். விண்டோஸ் 7லேருந்தே இந்த வசதி இருக்கு, நம்மள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. உபுண்டுவுலயும் டாக்ல இருக்குற வரிசைப்படி சூப்பர் கீயும் நம்பரும் இதே வேலையைச் செய்யும். மேக் வச்சிருக்கவங்க சஃபாரியில தளத்தைத் திறந்து ஃபைல் மெனுவுல “ஆட் டு டாக்” குடுங்க. சோனோமா பதிப்புல இருந்து இது இருக்கு.

படி 6: “நாளைக்கு” ஃபோல்டர்

நல்லதைப் பக்கத்துல வச்சாச்சு. காசு கரையிற இடத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கணும்ல? டாஸ்க்பார்ல இருக்குற ஷாப்பிங், கேம், டிரேடிங் ஆப் எல்லாத்தையும் அன்பின் பண்ணுங்க. ஸ்டார்ட் மெனுவுல ஒரு ஐகானை இன்னொன்னு மேல இழுத்துப் போட்டா ஃபோல்டர் ஆகும். உபுண்டு ஆப் பட்டியல்லயும் அப்படித்தான். அதுக்கு “நாளைக்கு”னு பேர் வைங்க.

எதையும் டெலீட் பண்ணச் சொல்லல. தேவைப்பட்டா திறக்கலாம். ஆனா நடுவுல ரெண்டு கிளிக்கும், “நாளைக்கு”ங்கற வார்த்தையும் நிக்கும். மத்தியானம் சாப்பிட்டுட்டு சும்மா திறந்து பாக்குற பழக்கத்துக்கு அந்தத் தடை போதும்.

டிரேடிங் ஆப்பை ஏன் இதுல சேர்த்தேன்னு சிலருக்குக் கோபம் வரும். 2021-22லேருந்து 2023-24 வரைக்கும் மூணு வருஷத்துல எஃப் அண்ட் ஓ பண்ண தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம்னு செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வு சொல்லுது. எஸ்ஐபி தானா போயிட்டுத்தான் இருக்கும், அதுக்கு ஐகான் வேண்டாம். ஆபீஸ் நேரத்துல நாலு தடவை திறக்க வைக்கிற ஐகான்தான் ஆபத்து.

ஆபீஸ் லேப்டாப், பழைய அரசு லேப்டாப்

இந்த அஞ்சு ஐகானையும் ஆபீஸ் லேப்டாப்ல போடாதீங்க. அது உங்களோடது இல்ல. வேலையை விட்டா ஒரே நாள்ல திருப்பிக் குடுக்கணும், பாஸ்வேர்டு எல்லாம் அதுல கிடக்கக்கூடாது.

“எங்கிட்ட பிளஸ் டூவுல அரசாங்கம் குடுத்த லேப்டாப்தான் இருக்கு”ன்னு சொல்றவங்களுக்கு: 2011ல ஆரம்பிச்ச அந்தத் திட்டத்துல வந்த லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்தது ஞாபகம் இருக்கா? சென்னை சி-டாக் உருவாக்கினது. அன்னைக்கு நாம அதைத் திறந்துகூடப் பாக்கல. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியில பாதுகாப்பு அப்டேட் நின்னுடுச்சு, விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது. அப்டேட் வராத மெஷின்ல பேங்க் வேலை வேண்டாம். அதுல தாங்குற மாதிரி ஒரு புது லினக்ஸ் போட்டு, இந்த அஞ்சு ஐகானுக்கு மட்டும்னு வச்சா, பழைய லேப்டாப்பே நல்ல பணப்பெட்டி ஆயிடும்.

ஒருவேளை ஏமாந்துட்டா?

அந்தத் தம்பி பண்ண ரெண்டாவது தப்பு இதுதான். வெக்கப்பட்டு மறுநாள் மத்தியானம் வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. பணம் கணக்கு விட்டுக் கணக்கு ஓடுறதுக்கு அந்த நேரம் போதும். உடனே 1930க்கு போன் பண்ணணும், பேங்க்குக்கும் சொல்லணும். பாஸ்வேர்டு, ஓடிபியை நாமளே குடுத்திருந்தா, பேங்க்குக்குத் தகவல் சொல்ற வரைக்கும் ஆகுற நஷ்டம் நம்ம தலையில. சொன்னதுக்கு அப்புறம் ஆகுறது பேங்க் பொறுப்பு. ரிசர்வ் பேங்க் 2017 ஜூலையில குடுத்த விதி இது. அதனால ஒவ்வொரு நிமிஷமும் காசுதான். 1930ஐ இப்பவே போன்ல சேவ் பண்ணுங்க.

இந்த வார ஹோம்வொர்க்

ஞாயித்துக்கிழமை காலையில டீ குடிச்சுக்கிட்டே ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. குப்பையை அள்ளுங்க, “பணம்” ப்ரொஃபைல் போடுங்க, அஞ்சு ஐகானை வரிசையா பின் பண்ணுங்க, “நாளைக்கு” ஃபோல்டரை மூடுங்க. இதோட வீடியோவுல ஒவ்வொரு கிளிக்கையும் நிதானமா செஞ்சு காட்டியிருக்கோம், நிறுத்தி நிறுத்திப் பாத்துக்கோங்க.

தம்பியோட லேப்டாப்ல இப்போ அஞ்சே ஐகான்தான். தங்கச்சி ஃபீஸுக்கு ஆபீஸ்ல அட்வான்ஸ் வாங்கிக் கட்டினான். அது இன்னும் மாசா மாசம் சம்பளத்துல பிடிச்சுக்கிட்டு இருக்கு. அந்த பேங்க் ஷார்ட்கட்டைப் போட அவனுக்கு ஆன நேரம் ரெண்டு நிமிஷம்.

அடுத்த வாரம் பே ஸ்லிப்பை வரி வரியா படிப்போம். அதுவரைக்கும் பணத்தைப் பத்திரமா பாத்துக்கோங்க!