டிரையர் குழாயும் பஞ்சுத்தூசியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்க, கனடிய வீடுகளில் பரவலாகக் காணப்படும் துணி உலர்த்தும் டிரையர், அறைக்காற்றை உள்ளிழுத்துச் சூடாக்கி, சுழலும் உருளைக்குள் கிடக்கும் ஈரத்துணிகளின் ஊடே செலுத்தி, ஈரமேறிய அக்காற்றை 4 அங்குல விட்டமுள்ள குழாய் வழியே வீட்டுக்கு வெளியே தள்ளுகிறது. ஒரு முறை இடும் துணியிலிருந்து ஏறக்குறைய 2 லிட்டர் நீர் இவ்வாறு ஆவியாக வெளியேற, துணியிலிருந்து உதிரும் பஞ்சுத்தூசியும் அதனுடன் சேர்ந்தே செல்கிறது. ‘வென்ட்’ எனப்படும் இக்குழாய் பெரும்பாலும் கண்ணில் படாமல் சுவருக்குள் ஓடுவதால், அதைப் பற்றிய பிழையான எண்ணங்களும் நெடுநாள் நீடிக்கின்றன.

நம்பிக்கை: வடிகட்டியில் சேரும் பஞ்சை அவ்வப்போது எடுத்தால் போதும்.

உண்மை: வலை போன்ற அவ்வடிகட்டி தூசியில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கிறது; நுண்ணிழைகள் வலைக்கண்களின் வழியே தப்பிக் குழாயை அடைகின்றன. குளிர்காலத்தில் குழாயின் உட்புறம் குளிர்ந்திருக்கும்போது நீராவி அங்கே துளிர்த்து, அந்த ஈரத்தில் இழைகள் ஒட்டிக் காய்ந்து, அடுக்கடுக்காகப் படிகின்றன. வடிகட்டியிலும் துணியை மென்மையாக்கும் தாள்களின் பசை படலமாகப் படிவதுண்டு. சுத்தமாகத் தோன்றும் வலையின்மேல் நீரை ஊற்றும்போது அது ஒழுகாமல் தேங்கி நின்றால், வலையைச் சோப்பு நீரில் கழுவ வேண்டும் என்று பொருள்.

நம்பிக்கை: துணி காயத் தாமதமானால் எந்திரம் பழுதாகிவிட்டது.

உண்மை: துணியைக் காய வைப்பது வெப்பம் மட்டுமன்று, ஈரத்தை அகற்றிச் செல்லும் காற்றோட்டமும்தான். குழாய் அடைபட்டால் ஈரக்காற்று உள்ளேயே சுழல்வதால், காயும் நேரம் நீள்கிறது, மின்கட்டணம் ஏறுகிறது, எந்திரமும் மிகையாகச் சூடாகிறது. வெப்பம் எல்லை மீறினால் அறுந்துபோகும் ‘வெப்ப ஃபியூஸ்’ பல டிரையர்களில் உண்டு. அடைப்பை நீக்காமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால், நோயை விட்டுவிட்டு அதன் அறிகுறிக்கு மருந்திட்ட கதையாகும்.

நம்பிக்கை: எரிவாயு டிரையருக்குத்தான் ஆபத்து, மின் டிரையர் தீப்பிடிக்காது.

உண்மை: பஞ்சுத்தூசி மெல்லிய இழைகளாகக் காற்றோடு கலந்து கிடப்பதால் விரைவில் பற்றிக்கொள்ளும்; மின் டிரையரின் சூடேறிய கம்பிச்சுருளே அதற்குப் போதும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் மதிப்பீட்டின்படி, 2008 முதல் 2010 வரை ஆண்டுதோறும் சுமார் 2,900 வீட்டுத் தீவிபத்துகள் டிரையரால் நேர்ந்தன. அவற்றுக்கான முதன்மைக் காரணம், 34 சதவீத அளவில், சுத்தம் செய்யாமையே. எரிவாயு டிரையரில் இன்னுமொரு ஆபத்து சேர்கிறது: எரிதலில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்ற மணமற்ற நச்சுவாயு, வெளியேற வழியின்றி வீட்டுக்குள் திரும்பக்கூடும்.

நம்பிக்கை: எந்தக் குழாயும் பொருந்தும், பறவை புகாமல் வெளிவாயில் வலை அடிப்பது நல்லது.

உண்மை: மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக், மென்தகட்டுக் குழாய்களின் ஒவ்வொரு மடிப்பும் தூசிக்கு இருப்பிடமாகும், உட்புறம் வழவழப்பான உலோகக் குழாயே ஏற்றது. அமெரிக்காவின் பல மாநிலங்கள் பின்பற்றும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, குழாயின் நீளத்தைப் பொதுவாக 35 அடிக்குள் வரையறுத்து, ஒவ்வொரு செங்கோணத் திருப்பத்துக்கும் 5 அடி வரை கழிக்கச் சொல்கிறது. வெளிவாயில் வலையையும் தடைசெய்கிறது, ஏனெனில் பறவையைத் தடுக்கும் வலை பஞ்சையும் தடுத்து நிறுத்திவிடும். வலைக்கு மாற்றாக, காற்று வரும்போது மட்டும் திறக்கும் மடல் பொருத்தப்படுகிறது.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் குழாயைக் கழற்றி, நீண்ட தூரிகையால் முழுநீளமும் துடைப்பது நலம். குழாய் நீளமாகவோ வளைவுகள் மிகுந்தோ இருந்தால் அடிக்கடி செய்ய வேண்டும். இடைப்பட்ட காலத்தில் அடைப்பை அறிவதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை: டிரையர் ஓடும்போது வீட்டுக்கு வெளியே சென்று பார்த்தால், மடல் நன்கு திறந்து, வெதுவெதுப்பான ஈரக்காற்று உள்ளங்கையில் வேகமாக மோத வேண்டும்.