சிறு வண்டி கற்பிக்கும் பெரும் பாடம்

முன்னுரை

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர். பந்தயக் கார் என்றவுடன் நாம் வேகத்தையே நினைக்கிறோம். ஆனால் அவ்வேகத்திற்கு அடிப்படை பயிற்சியும் அளவுமே ஆகும். இளம் வீரர்கள் கார்ட் வண்டியில் பழகி, பொறியியல் மாணவர்களுடன் சேர்ந்து திறன் வளர்க்கும் விதத்தை இக்கட்டுரையில் காண்போம்.

கார்ட் என்பது யாது?

1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர், புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி முதல் கார்ட்டை உருவாக்கினார். இதில் ஸ்பிரிங் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைந்து ஒரே வேகத்தில் சுழலும். வளைவிலோ வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். ஆகவே உட்புறப் பின்சக்கரம் தரையை விட்டுச் சற்றே எழும்பினால்தான் வண்டி நன்கு திரும்பும். ஓட்டுபவரின் சிறு தவறும் உடனே வெளிப்பட்டுவிடும். எனவே கார்ட் ஒரு கண்டிப்பான ஆசிரியர்!

வளைவும் விசையும்

செங்கோட்டைக்கு அப்பால் புளியரை 'எஸ்' வளைவில் பேருந்து திரும்பும்போது நாம் ஒரு பக்கமாகச் சாய்கிறோம் அல்லவா? அதே வளைவில் வேகம் இருமடங்கானால், வண்டியைத் திருப்பத் தேவையான விசை நான்கு மடங்காகும். அவ்விசையைத் தருவது டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வு. குற்றாலச் சாரலில் சாலை நனைந்தால் உராய்வு குறையும். ஆதலால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதுதான் கார்ட் வீரர் கற்கும் முதற்பாடம்.

மாணவர் பட்டறை

கல்லூரி மாணவர்கள் தாங்களே ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்துப் போட்டியிடும் வழக்கம் 1981இல் அமெரிக்காவில் தோன்றியது. நம் கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் 'ஃபார்முலா பாரத்' என்னும் பெயரில் இத்தகைய போட்டி நடைபெற்றுள்ளது. உரிமம் பெற 'எட்டு' போடுவது போல, இங்கும் எட்டு வடிவில் ஓட்டும் சோதனை உண்டு. "வளைவில் முன்பக்கம் வழுக்குகிறது" என்று வீரர் கூறினால், மாணவர்கள் டயரின் வெப்பத்தை உள், நடு, வெளி என மூன்றிடங்களில் அளப்பர். நடுப்பகுதி மட்டும் மிகச் சூடாயிருந்தால் காற்றழுத்தம் அதிகம் என அறிவர். நம் ஆய்வுக்கூடத்தைப் போலவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி மீண்டும் ஓட்டச் செய்வர். வீரரின் உணர்வும் மாணவரின் அளவும் கைகோத்தால் இருவருமே கற்கின்றனர்.

நம் மண்ணின் முன்னோடிகள்

கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் பந்தயக் கார்களை உருவாக்கி இளைஞர்களுக்கு வழி திறந்தார். அத்தகைய காரில் தம் தொடக்க காலத்தில் ஓட்டிய கோவை நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார்.

பெண்களுக்கு இடமுண்டா?

1975இல் இத்தாலிய வீராங்கனை லெல்லா லொம்பார்டி ஸ்பெயின் பந்தயத்தில் அரைப் புள்ளி பெற்றார். ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற ஒரே பெண் இன்றளவும் அவரே. திறன் இல்லாமையா காரணம்? இளம் வயதிலேயே ஸ்டியரிங்கையும் ஸ்பானரையும் நம் கையில் தருவார் குறைவு என்பதே எங்கள் கருத்து.

முடிவுரை

தோழியரே! பொதுச்சாலை பந்தயத் திடல் அன்று. தலைக்கவசமும் தக்க பயிற்சியும் இன்றி எவரும் துணியலாகாது. ஆயினும் வரைபடம் வரையவும் கணக்கிடவும் பற்றவைக்கவும் நம்மால் இயலும். இன்றைய இயற்பியல் பாடத்தைக் கருத்துடன் கற்போம்; நாளை அப்பட்டறையில் நமக்குரிய இடத்தைக் கேட்டுப் பெறுவோம்!