மஞ்சட்காமாலையும் நமது கடமையும்

நெசவும் பயிர்த்தொழிலும் உடல் உழைப்பால் நடப்பவை. தறிக்காரர் ஒரு மாதம் படுக்கையில் கிடந்தால் பாவு தறியிலேயே நின்றுவிடும். நடவுக் காலத்தில் உழவர் நோயுற்றால் அவ்வாண்டு விளைச்சலே குன்றும். ஆதலின், நெமிலி வட்டாரத்துச் சங்க அங்கத்தினர்கள் அவசியம் அறிய வேண்டிய வைரஸ் கல்லீரல் அழற்சியை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

மஞ்சட்காமாலை என்பது நோயன்று, நோயின் அடையாளமே. கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களில் முக்கியமானவை ஏ, பி, சி, டி, ஈ என ஐந்து. இவற்றுள் ஏ, ஈ ஆகிய இரண்டும் மலம் கலந்த குடிநீராலும் உணவாலும் பரவுகின்றன. பி, சி ஆகியவை இரத்தத்தின் வழியே பரவுகின்றன. பி, உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும் தொற்றும். டி, பி உள்ளவரிடத்தில் மட்டுமே தங்கும்.

குடிநீர் கெட்டால் என்ன நேரும் என்பதற்கு டில்லி நகரம் சான்று. 1955-ஆம் ஆண்டு இறுதியில் நஜஃப்கர் ஓடையின் சாக்கடை நீர், வஜீராபாத்தில் யமுனையிலிருந்து குடிநீர் எடுக்கும் இடத்தில் கலந்துவிட்டது. குளோரின் அதிகமாகச் சேர்த்தும், அடுத்த சில வாரங்களில் ஏறக்குறைய 29,000 பேருக்குக் காமாலை கண்டது. கர்ப்பிணிகள் பெரிதும் வருந்தினர். அது ஈ வகை என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. நம் பக்கத்தில் பாலாறு என்றதும் தோல் பதனிடும் கழிவே நினைவுக்கு வரும். அத்தீங்கு வேறு, இந்நோய்க்கு மூலம் மலக்கலப்பே. நீர் தெளிவாக இருப்பதால் அது தூய்மையானது என்று கொள்ளலாகாது. காய்ச்சிக் குடிப்பதே பாதுகாப்பு.

பி, சி வகைகள் இன்னும் கொடியவை. ஏனெனில் அவை ஓசையின்றி வாழ்பவை. பல ஆண்டுகள் எவ்விதத் தொந்தரவும் காட்டாமல் இருந்து, ஈரல் சுருங்கிய பின்னரோ, புற்றுநோய் கண்ட பின்னரோதான் வெளிப்படும். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 2 கோடியே 98 இலட்சம் பேர் பி வகையுடனும், 55 இலட்சம் பேர் சி வகையுடனும் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இவர்களுள் மிகப் பலர் தமக்கு நோயுண்டு என்பதையே அறியார்.

அரசாங்கம் என்ன செய்திருக்கிறது? முதலாவது தடுப்பூசி. பி வகைக்குத் தடுப்பூசி போடுதல் 2002-இல் சில இடங்களில் தொடங்கி, 2011-இல் நாடு முழுமைக்கும் விரிந்தது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசியும், 6, 10, 14-ஆம் வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டு ஊசியும் போடப்படுகின்றன. முதல் நாளிலேயே ஏன் போட வேண்டும்? தொற்றுப் பெறும் பச்சிளங் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பேருக்கு அது தீராத நோயாக நிலைத்துவிடும். பெரியவர்களிலோ நூற்றுக்கு ஐவருக்கும் குறைவாகவே அவ்வாறு நேரும்.

இரண்டாவது சிகிச்சை. 2018 ஜூலை 28-ஆம் நாள் தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2030-க்குள் சி வகையை ஒழிப்பதும், பி வகையால் நேரும் துன்பத்தையும் சாவையும் குறைப்பதும் அதன் நோக்கங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சி வகைக்கு, சோபோஸ்புவிர் முதலிய மாத்திரைகளைப் பெரும்பாலோர் 12 வாரங்கள் உண்டால் போதும். நூற்றுக்கு 95 பேருக்கு நோய் முற்றிலும் நீங்கும். பி வகையை அடியோடு நீக்க இயலாது. ஆயினும் டெனோபோவிர் போன்ற மருந்து அதை அடக்கி வைக்கும். தாய்க்கு பி இருப்பின், சேய்க்குத் தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் ஊசியும் அளித்துக் காக்கலாம்.

எனினும் ஓர் இடைவெளி உண்டு. இத்திட்டம் பரவுமுன் பிறந்தோர்தாம் இன்று தறியிலும் கழனியிலும் உழைப்போரில் பெரும்பாலோர். வீட்டில் குழந்தை பாதுகாப்புடன் இருக்க, குடும்பத்தைத் தாங்குபவர் பாதுகாப்பின்றி இருக்கின்றார். இலவச மருந்து ஆஸ்பத்திரியில் இருந்தும், பரிசோதனைக்கு வராதவருக்கு அது எட்டாது. ஆதலால் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும், பி இல்லாத பெரியவர்கள் மருத்துவரைக் கலந்து தடுப்பூசி போட்டுக்கொள்வதும் நலம்.

கீழாநெல்லியைப் பற்றி ஒரு சொல். 1988-இல் சென்னையில் தியாகராஜனும் அவருடன் பணியாற்றியோரும் நிகழ்த்திய ஆய்வு பி வகைக்கு அது நன்மை தருவதாகக் கூறியது. பின்வந்த ஆய்வுகளில் அப்பலன் உறுதிப்படவில்லை. சூடு போடுதல், மூக்கில் சாறு பிழிதல் ஆகியவற்றை நம்பி நாளைக் கடத்துவது தகாது. ஏ, ஈ வகைகள் பெரும்பாலும் தாமே தணிவன. சாறு குடித்ததால் தீர்ந்ததென நாம் மயங்குவதற்கு அதுவே காரணம்.

இந்நோயாளியைத் தொடுவதாலோ, உடன் உண்பதாலோ பி, சி வகைகள் பரவா. ஆகவே எவரையும் தறிக்கூடத்திலிருந்து ஒதுக்கலாகாது. ஒதுக்கினால் நோயை மறைப்பார்கள். மறைத்தால் அது வளரும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க:

1. நம் தெருவில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் எங்கெங்கு நெருங்கிச் செல்கின்றன?
2. ஊசி, சவரக்கத்தி, பச்சை குத்தும் ஊசி ஆகியவை ஒருவருக்குப் பின் ஒருவருக்குப் பயன்படுத்தப்படுகின்றனவா?
3. அங்கத்தினர் அனைவருக்கும் ஒரே நாளில் இரத்தப் பரிசோதனை நடத்தித் தருமாறு ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சங்கம் கேட்கலாமா?

மூன்றாம் கேள்விக்கு விடை, அடுத்த பொதுக்கூட்டத்தின் தீர்மானமாக அமையும் என நம்புகிறோம்.