அம்மாவைக் கேட்டுவிட்டு ரூம் போடு

சேலம்

அன்புள்ள கண்ணு,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய பயணத் திட்டத்தை நிதானமாகப் படித்தேன். போனில் சொன்னால் பாதி உனக்கு மறந்துவிடும், மீதியை நான் விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் அப்பா அம்மாவை எங்காவது கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, அதில் எனக்கு நிறைய சந்தோஷம். என் தம்பியும் அவன் மனைவியும் இத்தனை வருஷத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியதெல்லாம் கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, துக்கத்துக்கு, நேர்த்திக்கடனுக்கு. ஒரு காரியமும் இல்லாமல், சும்மா இருக்க ஓர் ஊருக்குப் போவது அவர்களுக்குப் பழக்கமில்லை. உனக்கும் கல்லூரி டூரைத் தவிர வேறு அனுபவம் கிடையாது. கல்லூரி டூரில் எல்லாருக்கும் ஒரே வயசு, எல்லாருக்கும் முட்டி நன்றாக இருந்தது.

பொங்கல் விடுமுறையில் நான்கு நாள், ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று போட்டிருக்கிறாய். ஊட்டியிலிருந்து கொடைக்கானல் சுமார் 250 கிலோமீட்டர். மலையிலிருந்து இறங்கி, சமவெளியைக் கடந்து, மறுபடி ஒரு மலை ஏற வேண்டும். பகல் முழுக்க வண்டியில் போய்விடும். அங்கிருந்து மூணாறு போக இன்னொரு பகல். அப்பா அம்மா இருக்கும் விருத்தாசலத்திலிருந்து ஊட்டிக்கு வந்து சேர்வதும், மூணாற்றிலிருந்து வீடு திரும்புவதும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. அம்மா இந்த மூன்று மலையையும் கார் ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பாள், அதுவும் வாந்தி வராமலிருந்தால். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளின் நெரிசல் தாங்காமல்தான் உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்கச் சொன்னது. விடுமுறை நாளில் அந்த வண்டி வரிசையில் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தாதே.

நீ எந்த இடம் என்று முதலில் யோசித்துவிட்டு, யார் வருகிறார்கள் என்பதைக் கடைசியில் வைத்திருக்கிறாய். அதைத் திருப்பிப் போடு. வருவது யார்? ஒருவன் மளிகைக் கடைக்காரன். கடையை ஒரு நாள் மூடினாலும் மனசு கல்லாவில் இருக்கும். இன்னொருத்தி மாடிப்படியைப் பக்கவாட்டில் திரும்பி இறங்குகிறவள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. இந்த இருவருக்கும் எந்த ஊர், எந்த மாசம், எத்தனை நாள் என்று யோசித்துப் பார். எனக்கு ஏற்காடுதான் வந்து நிற்கிறது. நான் சேலத்தில் இருப்பதால் சொல்கிறேன் என்று நினைக்காதே, காரணம் இருக்கிறது.

முதலில் மாசம். மளிகைக் கடைக்குப் பொங்கலும் தீபாவளியும்தான் வியாபாரம். அந்த நேரத்தில் கடையை மூடச் சொன்னால் அப்பா வரமாட்டான், வந்தாலும் முகம் கொடுக்கமாட்டான். பொங்கல் முடிந்த பிறகு வியாபாரம் மந்தமாக இருக்கும். ஜனவரி கடைசியில் ஒரு செவ்வாய், புதன், வியாழன் எடு. ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் ஏரியைச் சுற்றி நிற்கக்கூட இடம் இருக்காது. சேலம், நாமக்கல் பக்கமிருந்தெல்லாம் காலையில் வந்து மாலையில் இறங்குவார்கள். மே மாசம் கோடை விழா, மலர்க் கண்காட்சி. பார்க்க அழகுதான், ஆனால் ரூம் வாடகையும் கூட்டமும் சேர்ந்தே ஏறும். வார நடுவில் உனக்கு இரண்டு மூன்று நாள் லீவு கேட்க வேண்டியிருக்கும். கேள்.

ஜனவரியில் இன்னொரு விஷயம் உண்டு. காப்பிப் பழம் பறிக்கிற காலம் அது. உன் அப்பா வாழ்நாளெல்லாம் காப்பித்தூளை நிறுத்துக் கொடுத்தவன், சிக்கரி எத்தனை பங்கு என்று வாடிக்கையாளருக்குத் தகுந்தபடி கலந்தவன். காப்பிச் செடியை அவன் பார்த்ததில்லை. மிளகை மூட்டையாகத்தான் தெரியும். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி சுற்றி ஏறியிருப்பதும், அதன் நிழலில் காப்பிச் செடி நிற்பதும், செடியில் பச்சையும் சிவப்புமாகப் பழம் ஒட்டிக்கொண்டிருப்பதும் அவனுக்குப் புதுசு. பழத்தின் தோலை நீக்கி, புளிக்க வைத்துக் கழுவி, களத்தில் காயப்போட்ட பிறகுதான் அது கொட்டையாகிறது. எஸ்டேட் ஒன்றில் அனுமதி கேட்டு அவனை ஒரு மணி நேரம் விட்டுவிடு. விலை, தரம், ஈரப்பதம் என்று அவனே பேச்சுக் கொடுப்பான். வ்யூ பாயிண்டில் நின்று பள்ளத்தைப் பார்க்கச் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் 'போகலாமா' என்பான். காப்பிக் களத்தில் நீதான் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

பழைய கதை என்றால் அவன் கால்வலி தெரியாமல் நடப்பான் என்பது உனக்குத் தெரியும். இரண்டு கதை சொல்லித் தருகிறேன். இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்தது 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். கிரேஞ்ச் எஸ்டேட் என்று இன்றும் சொல்லும் இடம் அவரோடு சேர்ந்ததுதான். இன்னொன்று உனக்கே உரியது. நீ குடியிருக்கும் பல்லாவரத்தில்தான் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஆதிமனிதன் செய்த கல் கோடாரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் மனிதன் எவ்வளவு பழையவன் என்ற ஆராய்ச்சியே அங்கிருந்துதான் தொடங்கியது. அந்த ஃபூட் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஏற்காட்டில் வந்து தங்கினார். அவர் சேர்த்த கற்கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மகள் வேலை பார்க்கும் ஊருக்கும் இந்த மலைக்கும் இப்படி ஒரு தொடர்பு என்று தெரிந்தால் அப்பாவுக்கு ஏற்காடு அந்நியமாகத் தெரியாது.

இனி அம்மா. அவளிடம் 'எங்கேம்மா போகலாம்' என்று கேட்காதே. 'உங்க இஷ்டம்' என்றுதான் பதில் வரும். வேறு மாதிரி கேள்: காலையில் எத்தனை மணி வரை தூங்க ஆசை? வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டுமா? குளிர் ஒத்துக்கொள்ளுமா, காலில் வலி கூடுமா? யார் சமைத்தாலும் பரவாயில்லையா? இதற்கெல்லாம் பதில் சொல்வாள். எனக்குத் தெரிந்து அவள் மனசில் இருப்பது மூன்று நாள் அடுப்படிக்குப் போகாமல் இருப்பதுதான். அதனால் சமையலறை உள்ள காட்டேஜ் எடுக்காதே. விலை குறைவு, நாமே பொங்கிக்கொள்ளலாம் என்று நீ அனுப்பியதில் ஒன்று பார்த்தேன். 'நாமே' என்றால் அவள்தான். ஊரில் நின்ற அதே இடத்தில் மலையிலும் கரண்டியோடு நிற்பாள். ரயிலுக்கு மட்டும் புளிச்சோறு கட்டினால் போதும் என்று முன்பே சொல்லிவிடு, இல்லாவிட்டால் மூன்று வேளைக்கும் விடியற்காலையில் எழுந்து கட்டுவாள்.

எஸ்டேட்டுக்குள் தனியாக இருக்கும் பங்களாக்கள் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் ராத்திரி ஒரு மாத்திரை வேண்டுமென்றால் கடைக்குப் போக வண்டி இருக்காது. முதல் தடவை ஏரிக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். அரசின் ஓட்டல் தமிழ்நாடு அங்கேதான் இருக்கிறது, தனியார் விடுதிகளும் உண்டு. எங்கே போட்டாலும் நேராகப் போன் செய்து, தரைத்தள ரூம்தானா, படி எத்தனை, சுடுதண்ணீர் எந்த நேரம் வரும், காலை டிபன் உண்டா என்று கேள். விளம்பரத்தில் வந்த நம்பருக்கு முழுப் பணத்தையும் அனுப்பிவிடாதே.

அப்பா ஒன்று சொல்வான், கேட்டுக்கொள். 'அக்கா வீடு சேலத்தில் இருக்கும்போது எதற்கு ரூம்? அங்கே தங்கி ஏறி இறங்கலாம்' என்பான். சம்மதிக்காதே. வருகிற வழியில் என் வீட்டில் குளித்து, டிபன் சாப்பிட்டுவிட்டு மேலே போங்கள், அவ்வளவுதான். சேலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டருக்கும் கொஞ்சம் மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும், அதனால் எட்டு டிகிரி வரை வித்தியாசம் தெரியும். ஆனாலும் பகல் பன்னிரண்டு மணி வெயிலில் மலை ஒன்றும் பெரிதாகத் தெரியாது. பனி இறங்கும் சாயங்காலமும் காலை ஏழு மணியும்தான் மலை. ஏறி இறங்குகிறவர்களுக்கு அந்த இரண்டும் கிடைக்காது. இரண்டு ராத்திரி தங்கினால்தான் செலவழித்த பணத்துக்கு அர்த்தம்.

பணம் என்றதும் இன்னொன்று. ரூம், வண்டி இரண்டுக்கும் முன்பே கட்டிவிடு. அவன் எதிரில் பர்ஸைத் திறந்து எண்ணாதே. ஓட்டலில் அவன் மெனுவில் விலையைத்தான் முதலில் படிப்பான், பிறகு 'எனக்குப் பசிக்கவில்லை' என்பான். நீயே ஆர்டர் சொல். பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல், கேட்காதபோது கணக்கு வாசிக்காதே.

பயணம் இப்படி இருக்கட்டும். நீ சென்னை சென்ட்ரலில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியுமுன் சேலம் ஜங்ஷன். அறுபது நாளுக்கு முன்னால் டிக்கெட் திறக்கும், அன்றே போட்டுவிடு. அப்பாவும் அம்மாவும் மட்டும் முதல் நாளே சின்னசேலம், ஆத்தூர் வழியாக ரயிலிலோ பஸ்ஸிலோ என் வீட்டுக்கு வந்துவிடட்டும். மேலே சுமார் முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. அம்மாவை முன் சீட்டில் உட்கார வை, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல், போனைப் பார்க்க வேண்டாம். காலையில் இரண்டு இட்லி போதும், பூரி கூடாது. வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி முன்னால் கொடு. பிபி மாத்திரையைப் போகும் நாட்களுக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பையில் எடுத்து வையுங்கள்.

உன் ஆபீஸ் தோழன் கார் ஓட்டி வருவதாக எழுதியிருந்தாய். மலையில் ஓட்டிப் பழகாதவர் வேண்டாம். 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து இறங்கிய ஒரு தனியார் பஸ் வளைவில் பள்ளத்தில் விழுந்து உயிர்கள் போயின. நாங்கள் இங்கே இருப்பவர்கள், அதை மறக்கவில்லை. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் குறைந்த கியரில் வர வேண்டும், ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும், இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். இதெல்லாம் தெரிந்த உள்ளூர் டிரைவரை நான் பார்த்து வைக்கிறேன்.

மேலே போனதும் டிரைவர்கள் பதினைந்து பாயிண்ட் என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வைத்துக்கொள். முதல் நாள் மதியம் தூங்குங்கள், மாலை ஏரியில் படகு. ஏரி சின்னதுதான், ஊட்டி ஏரியை மனசில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். இரண்டாம் நாள் காலை சேர்வராயன் கோயில். இந்த மலையின் உச்சி அது, 5,326 அடி. வண்டி பக்கத்திலேயே போகும். குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். குனிந்துதான் உள்ளே போக வேண்டும், அம்மாவால் முடியாவிட்டால் வாசலில் நின்று கும்பிடட்டும். கோயில் ஒன்று இருப்பது உன் பெற்றோருக்கு மனநிம்மதி, 'வீணாக வரவில்லை' என்று இருக்கும். இந்த மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களின் தெய்வம் அது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மாதிரி அங்கே சத்தம் போடக்கூடாது, அவர்கள் வீட்டையோ குழந்தைகளையோ கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. மாலையில் லேடீஸ் சீட்டுக்குப் போய், சேலத்தில் விளக்குப் போடும் வரை இருங்கள். கிளியூர் அருவி வேண்டாம். படியும் சரிவுமாக இறங்கி ஏற வேண்டும், அம்மாவுக்கு ஆகாது, ஜனவரி கடைசியில் தண்ணீரும் பெரிதாக இருக்காது. ஆர்க்கிட் தோட்டமும் பகோடா பாயிண்டும் நேரம் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். மூன்றாம் நாள் காலை காப்பித் தோட்டம், மதியம் இறக்கம்.

ஸ்வெட்டர், அப்பாவுக்குக் காதுக்கு மப்ளர், ஒரு டார்ச், தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். பிளாஸ்டிக் பையை மலைக்குக் கொண்டு போகாதீர்கள். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் குரங்கு பிடுங்கும்.

அப்பாவிடம் கடையை மூடச் சொல்லும் வேலையை என்னிடம் விடு. அக்கா சொன்னால் முணுமுணுத்துக்கொண்டாவது கேட்பான். அம்மாவிடம் நான் எழுதிய கேள்விகளை நீதான் கேட்க வேண்டும், அதுவும் அப்பா பக்கத்தில் இல்லாதபோது. அவள் சொன்னதையும் உனக்கு லீவு கிடைக்கும் தேதியையும் இந்த வாரத்துக்குள் எழுது. டிரைவருக்கு நான் நாள் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் அத்தை