நாடியைப் பார்த்த பின்னரே மருந்து
(தாதியர் பயிற்சி மாணவ மாணவியருக்கான பாடம்)

தாதியர் பயிற்சி பெறும் நம் மாணவ மாணவியருக்குக் கடினமாகத் தோன்றும் பாடங்களுள் இருதய மருந்துகள் பற்றிய பாடமும் ஒன்றாகும். பெயர்களை மனனம் செய்வதால் மட்டும் இது கைவராது. இருதயம் செய்யும் வேலை யாது, ஒவ்வொரு மருந்தும் அவ்வேலையின் எப்பகுதியில் தலையிடுகிறது என்பதை அறிந்துகொண்டால் பாடம் எளிதாகும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோர் பத்துப் பேரில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. ஆதலால் எந்த மருத்துவமனையில் பணியாற்றினாலும் இம்மருந்துகள் நம் கைவழியே செல்லும்.

இருதயத்தின் பணி

‘பாரிட்’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு வாய்க்கால் என்று பொருள். பாரிட் புந்தாரைச் சுற்றியுள்ள நெல்வயல்களுக்கு, 1906இல் நிறைவுற்ற கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தின் வாய்க்கால்கள் வழியாகப் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தின் தண்ணீர் பாய்கிறது. மேட்டிலிருந்து பள்ளத்திற்குத் தண்ணீர் தானே ஓடிவரும். உடலுக்கோ அவ்வசதி இல்லை. இரத்தத்தை இருதயமே இறைத்துத் தள்ளவேண்டும்.

ஓய்வாக இருக்கும் ஒருவரின் இருதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லிலீட்டர் வெளியேறுகிறது. பெருக்கிப் பார்த்தால் நிமிடத்திற்கு 5 லீட்டர் அளவாகும். தண்ணீர் மிகுந்தாலும், வாய்க்கால் குறுகினாலும், துடிப்பு மிக விரைந்தாலும், தசை தளர்ந்தாலும் இருதயத்திற்குத் துன்பமே. இந்நான்கு துன்பங்களுக்கும் தனித்தனி மருந்துகள் உள்ளன.

நால்வகை மருந்துகள்

முதலாவது, நீரை வெளியேற்றும் மருந்து. புருசமைட் இவ்வகையினது. கால் வீக்கமும் மூச்சிரைப்பும் தணியும். ஆனால், சிறுநீருடன் பொட்டாசியம் என்னும் உப்பும் வெளியேறிவிடும். நோயாளியை நாள்தோறும் காலையில், ஒரே தராசில் நிறுத்து எழுதுதல் தாதியின் கடமை. உடலில் நீர் கூடுகிறதா குறைகிறதா என்பதை அந்த எண்ணே தெரிவிக்கும்.

இரண்டாவது, இரத்தக் குழாய்களை விரிக்கும் மருந்து. பிரேசில் நாட்டு விரியன் பாம்பொன்றின் நஞ்சை ஆராய்ந்ததன் பயனாகக் கேப்டொப்ரில் உருவாயிற்று. எனலாபிரில், பெரிண்டோபிரில் ஆகியன அதன் இனத்தவை. இவற்றை உண்போர் சிலருக்கு வறட்டு இருமல் தோன்றும். காரணம் அறியாதவர் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவர். அல்லது மாதக்கணக்கில் இருமல் மருந்து குடிப்பர். “எப்போதிலிருந்து இருமல்?” என்று தாதி கேட்கும் ஒரு கேள்வி உண்மையை வெளிப்படுத்தும். மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றித் தருவார்.

மூன்றாவது, துடிப்பின் வேகத்தைத் தணிக்கும் மருந்து. இதில் நமக்கு அண்மைத் தொடர்பு ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக் 1947 முதல் 1950 வரை சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பித்தவர். இருதயத்திற்கு அதிக உயிர்வாயுவை ஊட்ட முயல்வதைவிட, அதன் தேவையையே குறைத்தால் என்ன என்று அவர் பிற்காலத்தில் சிந்தித்தார். அச்சிந்தனையின் கனியே 1960களில் வெளிவந்த புரொப்ரனலால். 1988இல் அவர் நோபல் பரிசு பெற்றார். இவ்வகை மருந்தைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி மீண்டும் கடுமையாகத் தாக்கக்கூடும். ஆஸ்துமா உள்ளவரா என்பதை முன்னரே கேட்டறிதல் வேண்டும். நீரிழிவுக்காரர்களுக்குச் சர்க்கரை குறையும்போது உண்டாகும் படபடப்பை இது மறைத்துவிடும்.

நான்காவது, தசைக்கு வலுவூட்டும் டிஜாக்சின். ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங் 1785இல் விளக்கி எழுதிய ஒரு செடியின் இனத்திலிருந்து கிடைப்பது. இன்று முன்போல் மிகுதியாக வழங்கப்படுவதில்லை, எனினும் வழக்கொழியவில்லை. உயிர் காக்கும் அளவுக்கும் உயிருக்கு ஊறு செய்யும் அளவுக்கும் இதில் இடைவெளி மிகக் குறைவு. எனவே, மாத்திரையைக் கொடுப்பதற்குமுன் இருதய ஒலிமானியை நெஞ்சில் வைத்து, முழுமையாக ஒரு நிமிடம் எண்ணவேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குதல் கூடாது. சீரற்ற துடிப்பு அதில் தப்பிவிடும். வயது வந்தவருக்கு 60க்குக் குறைந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும். மருத்துவர் வேறு எல்லை குறித்திருப்பின் அதுவே விதி. பசியின்மை, குமட்டல், பொருள்கள் மஞ்சளாகத் தோன்றுதல் ஆகியவை நஞ்சேறியதன் அடையாளங்கள். புருசமைட்டால் பொட்டாசியம் குறைந்தவருக்கு இந்த ஆபத்து விரைவில் நேரும். ஆகவே, இவ்விரண்டையும் சேர்த்து உண்பவரிடம் இரட்டிப்புக் கவனம் தேவை.

நாவடி மாத்திரை

நெஞ்சுவலி வரும்போது நாவின் அடியில் வைக்கும் மாத்திரையும் உண்டு. வெடிமருந்தாகிய நைட்ரோகிளிசரினே அது. மருந்தாக மிகச் சிறிய அளவில் அமைந்துள்ளது. நின்றுகொண்டு உபயோகித்தால் மயங்கி விழ நேரிடும். நோயாளியை உட்காரவைக்க வேண்டும். ஒளியும் காற்றும் பட்டால் இதன் வீரியம் குன்றும். பழுப்புநிறப் புட்டியிலிருந்து எடுத்து மடியில் முடிந்து வைப்பது பயனற்றது. ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிடில் 999க்கு அழைக்கவேண்டும்.

கேட்கும் செவி

தோட்டத்தில் வாழ்ந்த முதியோர் “இருதய வலி” என்று சொல்வதில்லை. “நெஞ்சு கரிக்குது”, “வாயு அடைச்சிருக்கு”, “தோள்பட்டை இழுக்குது” என்பர். தைலம் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருப்போரும் உளர். அவர் மொழியை அறிந்த தாதி அச்சொற்களின் பின்னுள்ள அபாயத்தை உணர்ந்து உடனே மருத்துவருக்கு அறிவிக்க இயலும். “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, மாத்திரை எதற்கு?” என்போருக்கு, மாத்திரையால்தான் நன்றாக இருக்கிறது என்பதைப் பொறுமையாக எடுத்துரைத்தலும் நம் பணியே.

மருந்தை எழுதித் தருபவர் மருத்துவர். அதை நோயாளியின் வாயில் சேர்க்கும் கடைசிக் கை தாதியுடையது. ஏதேனும் தவறு இருப்பின், அதைத் தடுக்கக்கூடிய கடைசிக் காவலும் அக்கையே.

பயிற்சி வினாக்கள்

1. டிஜாக்சின் உண்ணவேண்டிய ஒருவரின் துடிப்பு 52. நீங்கள் செய்யவேண்டியது யாது?
2. நாள்தோறும் எடை பார்ப்பது எதற்காக?
3. புருசமைட், டிஜாக்சின் இரண்டையும் உண்பவரிடம் எவ்வெவ் அடையாளங்களைக் கவனிப்பீர்கள்?