புற்றுநோய் மருந்துச் சோதனைக்குக் கூப்பிடுகிறார்களா?

பனியன் கம்பெனியில் சேரும் அன்று நீட்டுகிற தாளைப் படித்துப் பார்த்தா கையெழுத்துப் போடுகிறோம்? அந்தப் பழக்கத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டாம். சிகிச்சைக்குக் கோயமுத்தூர் போன இடத்தில், "புது மருந்து ஆராய்ச்சி ஒன்று நடக்கிறது, சேருகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டால் பயந்து ஓடவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம்.

இரண்டுக்கும் காரணம் உண்டு. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் 1999-2000இல் வாய்ப் புற்றுநோயாளிகளுக்கு ஒரு ரசாயனத்தை ஊசியாகப் போட்டுச் சோதித்தார்கள். அதில் பங்கெடுத்த தன் பேராசிரியர் உரிய அனுமதி வாங்கவில்லை என்பதை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமே 2001இல் விசாரித்துச் சொன்னது. மும்பை டாடா மருத்துவமனையின் கதை வேறு. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு நிவோலுமாப் மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும், மற்ற சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு தாண்டி உயிரோடிருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமானார்கள். 151 பேர் சேர்ந்ததால் தெரியவந்த உண்மை இது.

ஆகவே முதலில் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) எண்ணைக் கேளுங்கள். 2009 முதல் எந்தச் சோதனையும் அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் செல்போனில் இலவசமாகவே பார்த்துவிடலாம். எண் சொல்லத் தயங்குகிற இடத்தில் சேராதீர்கள்.

அடுத்து, ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும், எந்தச் செலவு யாருடையது, பஸ் காசு உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நோயாளி ஒடிசாக்காரர் என்றால் ஒடியாவில் விளக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பது விதி. லேபர் கான்ட்ராக்டரை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். கூலி கொடுப்பவர் முன்னால் யாருக்கும் 'மாட்டேன்' என்று வாய் வராது. கையெழுத்துப் போட்ட பிறகும் எந்த நாளிலும் விலகலாம், வழக்கமான சிகிச்சையை அதற்காக நிறுத்தக் கூடாது.

சேர்ந்த பிறகுதான் உண்மையான வேலை, அது வீட்டில் நடக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுங்கள். மாத்திரை போட்ட நேரம், காய்ச்சல், வாந்தி, வாய்ப்புண் எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். காலி மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாமல் அடுத்த முறை கொண்டுபோங்கள். நம்மூரில் காய்ச்சல் என்றால் மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போவதுதான் வழக்கம். புற்றுநோய் மருந்து எடுப்பவருக்கு 100.4 டிகிரி என்பதே அவசரம், ராத்திரி இரண்டு மணியானாலும் படிவத்தில் உள்ள எண்ணுக்குப் போன் போடுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் மறைக்காதீர்கள்.

வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் உடனே தகவல் சொல்லுங்கள். 2019 மருந்துச் சோதனை விதிகளின்படி, ஆராய்ச்சி மருத்துவர் கடுமையான பாதிப்பை 24 மணி நேரத்துக்குள் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவித்தாக வேண்டும். பாதிப்பு சோதனையால் வந்ததல்ல என்று நிறுவப்படும்வரை அதற்கான சிகிச்சை இலவசம், சோதனையால்தான் என்றால் நஷ்டஈடும் உண்டு. நீங்கள் சொல்லாவிட்டால் இதில் எதுவும் நகராது.

கூலி போகுமே என்பது நியாயமான கவலை. இஎஸ்ஐயில் புற்றுநோய்க்கு நீட்டித்த நோய்க்கால உதவி இருக்கிறது. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்து, சந்தா நாட்களும் சரியாக இருந்தால், கூலியில் 80 சதவீதம் இரண்டு ஆண்டுவரை கிடைக்கும். உங்கள் பெயரில் சந்தா கட்டுகிறார்களா என்று இன்றைக்கே கேளுங்கள்.

சூப்பர்வைசர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஷிப்மென்ட் நெருக்குகிறது என்று, ஆஸ்பத்திரி நாள் உள்ள தொழிலாளியை அன்றைக்கு ஒன்றரை ஷிப்டுக்கு நிறுத்தாதீர்கள்.